தப்பியவர் எதற்காகத் தப்பினார்?
1942 ஈஸ்டர் வாரமும் ஒரு விமானியின் பணியும்

1. ஒரு சாலையும் ஓர் ஈஸ்டர் வாரமும்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருவழிச்சாலையும், எழும்பூரிலிருந்து புறப்படும் இருப்புப்பாதையும் திண்டிவனத்தைக் கடந்தே விழுப்புரத்தை அடைகின்றன. விழுப்புரம் ஒரு பெரிய சந்திப்பு. கடலூர் வழியே தஞ்சைக்கு ஒரு பாதையும், விருத்தாசலம் வழியே திருச்சிராப்பள்ளிக்கு ஒரு பாதையும், புதுச்சேரிக்கும் காட்பாடிக்கும் கிளைகளும் அங்கிருந்து பிரிகின்றன. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோகும் வரையில், கொழும்புக்குச் செல்வோரை ஏற்றிச் சென்ற 'போட் மெயில்' வண்டியும் இவ்விரு ஊர்களின் வழியாகவே சென்று வந்தது. ஆகவே இலங்கையில் நிகழ்வன திண்டிவனத்தாருக்கும் விழுப்புரத்தாருக்கும் ஒருபோதும் தொலைதூரச் செய்திகளாக இருந்ததில்லை.

1942ஆம் ஆண்டின் ஈஸ்டர் வாரத்தில் இந்த உண்மை வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும், மார்ச் 8இல் இரங்கூனும் வீழ்ந்தன. மார்ச் 23இல் ஜப்பானியர் அந்தமான் தீவுகளில் இறங்கினர். ஏப்ரல் 5ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், கொழும்பின்மீது குண்டுகள் விழுந்தன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. அடுத்த இலக்கு சென்னையே என்ற அச்சம் அரசையும் மக்களையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் தீங்கு நேருமென்று உயிர்க்காட்சிச்சாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. நகரத்தார் பெருந்திரளாக ஊரைவிட்டு வெளியேறினர். தென் மாவட்டங்களுக்குச் சென்றோருக்குத் திண்டிவனம், விழுப்புரம் வழியே வழியாக இருந்தது.

அந்நாட்களில் இப்பகுதித் திருச்சபைகளும் போரின் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தன. அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் பணியாற்றிய டேனிஷ் மிஷனின் தாய்நாடு 1940 ஏப்ரல் 9 முதல் ஜெர்மானியர் வசமிருந்தது. தரங்கம்பாடி, தஞ்சைப் பகுதிகளில் ஊழியம் செய்துவந்த ஜெர்மானிய மிஷனெரிகளை அரசு தடுப்பு முகாம்களில் வைத்திருந்தது. விழுப்புரத்துக்குத் தெற்கே உளுந்தூர்ப்பேட்டையில் போர்க்காலத்தில் ஒரு விமானத்தளம் எழுந்தது. அதன் ஓடுபாதையைப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் காண முடிந்தது. விமானம் என்பது நம் கிராமத்து மக்களுக்கு அதிசயப் பொருளாக இருந்த நிலை மாறி, அச்சத்தின் அடையாளமாயிற்று.

அந்த வாரத்தின் நிகழ்ச்சிகளுக்கு நடுவில் நிற்பவர் ஒரு விமானி. அவருடைய விமானம் சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. அவர் உயிர் தப்பினார். ஆபத்திலிருந்து தப்பியவர்களின் சாட்சிகள் நம் அருளுரைகளில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அச்சாட்சிகளை நாம் எவ்வாறு கையாளுகிறோம் என்று நம்மை நாமே ஆராய்ந்துகொள்ள இவ்விமானியின் வரலாறு உதவுமென்று எண்ணி, அதனை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

2. பெரிய சனிக்கிழமை மாலை

லியோனார்ட் பர்ச்சால் 1915இல் கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் செயின்ட் கேதரின்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். கிங்ஸ்டன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியில் பயின்று 1937இல் வெளிவந்து, கனடா விமானப்படையில் சேர்ந்தார். 1942இல் அவர் ஸ்குவாட்ரன் லீடர் பதவியில், 413ஆம் படைப்பிரிவில் பணியாற்றினார். ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லண்டு தீவுகளிலிருந்து அப்படைப்பிரிவு இலங்கைக்கு மாற்றப்பட்டது. காலிக்கு அருகேயுள்ள கொக்கலை ஏரியே அதன் புதிய தளம். பர்ச்சால் அங்கு வந்து சேர்ந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

அவர் ஓட்டியது கட்டலினா என்னும் விமானம். அதன் உடல் படகு போன்றது; நீரிலிருந்து எழும்பி நீரிலேயே இறங்கும். கடலைக் காவல் காப்பது, தேவை நேர்ந்தால் குண்டு வீசுவது ஆகிய இரு பணிகளுக்குமாக அது கட்டப்பட்டது. அமெரிக்கக் கடற்படை அதற்கு இட்ட 'பி.பி.ஒய்.' என்ற குறியீட்டின் முதலிரண்டு எழுத்துகள் இவ்விரு பணிகளையே குறிக்கின்றன. இரண்டு பொறிகள் கொண்ட இவ்விமானம் ஒரு நாள் முழுவதும் இடைவிடாது பறக்கவல்லது. ஆனால் வேகம் மிகக் குறைவு. பகைவரின் போர் விமானங்களிடம் சிக்கினால் தப்பியோடும் ஆற்றல் அதற்கு இல்லை.

ஏப்ரல் 4, பெரிய சனிக்கிழமை. விடியற்காலையில் ஒன்பது பேருடன் புறப்பட்ட பர்ச்சாலின் விமானம் இலங்கைக்குத் தெற்கே கடற்பரப்பைக் காவல் காத்தது. பிற்பகல் ஏறத்தாழ நான்கு மணியளவில், இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைல் தொலைவில், தெற்குத் தொடுவானத்தில் சில புள்ளிகள் தென்பட்டன. அருகே சென்று பார்த்தபோது அவை ஜப்பானியக் கப்பல்கள் என்பது தெளிவாயிற்று. துணைத்தலைவர் நகுமோவின் தலைமையில், விமானம் தாங்கிக் கப்பல்கள் ஐந்துடன் கொழும்பை நோக்கி வந்த பெருங்கடற்படை அது. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய படையும் அதுவே.

கப்பல்களை எண்ணி, அவற்றின் இடமும் போக்கும் வேகமும் குறித்துக் கம்பியில்லாத் தந்தி மூலம் கொழும்புக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினர். செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டும் என்பது விதி. அதனை மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே கப்பல்களிலிருந்து எழும்பிய போர் விமானங்கள் கட்டலினாவைச் சுட்டன. கருவிகள் சிதைந்தன, விமானத்தினுள் தீப்பற்றியது. பர்ச்சால் எரியும் விமானத்தைக் கடலில் இறக்கினார்.

கடலில் இறங்கியபின் நடந்ததை நாம் சுருங்கச் சொல்லிக் கடந்துவிடலாகாது. ஒருவர் கடுங்காயமுற்றவராய் விமானத்தோடு மூழ்கினார். மற்ற எட்டுப் பேரும் நீரில் குதித்தனர். போர் விமானங்கள் நீரில் இருந்தவர்கள்மீதும் சுட்டன. குண்டுகளுக்குத் தப்ப நீருக்குள் மூழ்க வேண்டியிருந்தது. படுகாயமடைந்த இருவருக்கு மிதவை உடை அணிவிக்கப்பட்டிருந்தது. ஆகவே அவர்களால் மூழ்க முடியவில்லை. அவர்கள் சுடப்பட்டு இறந்தனர். உயிர் காக்க அணிவித்த உடையே அவர்களை மேலே நிறுத்திவிட்டது. எஞ்சிய ஆறு பேரை 'இசோகாசே' என்னும் ஜப்பானியப் போர்க்கப்பல் ஏற்றிக்கொண்டது.

கப்பலில் அவர்களை விசாரித்தவர்கள் அறிய விரும்பியது ஒன்றே: செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததா? மூத்த அதிகாரியென்ற முறையில் பர்ச்சால் முன்வந்து, செய்தி அனுப்பப்படவில்லை என்றார். அடிகளை அவர் தாங்கினார். ஆனால் அச்செய்தியைத் திரும்பச் சொல்லுமாறு கொழும்பு கேட்டதை ஜப்பானியர் தம் கருவிகளில் கேட்டுவிட்டனர். அதன்பின் அடிகள் மிகுந்தன.

3. ஞாயிறு காலை

இச்செய்தியினால் விளைந்த நன்மை என்ன? மிகைப்படுத்தாமல் இதற்கு விடை கூறுவது வரலாற்று மாணவரின் கடமை.

ஜப்பானியப் படை வரப்போகிறது என்பது பிரிட்டிஷாருக்கு முன்னமே தெரிந்திருந்தது. மறைகுறிச் செய்திகளைப் பிரித்தறிந்ததன் மூலம் ஏப்ரல் முதல் நாளையொட்டித் தாக்குதல் நிகழுமென்று எதிர்பார்த்தனர். கடற்படைத் தலைவர் சோமர்வில் தம் கப்பல்களோடு இலங்கைக்குத் தெற்கே சில நாட்கள் காத்திருந்தார். பகைவர் வராததால், எரிபொருளும் நீரும் நிரப்ப மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு தீவுக்குச் சென்றுவிட்டார். பர்ச்சாலின் செய்தி வந்தபோது அக்கடற்படை ஏறக்குறைய 600 மைலுக்கு அப்பால் இருந்தது. எனவே அச்செய்தி கேட்டு அது விரைந்து வந்து போரிடவில்லை. போரிட்டிருந்தால் அழிந்திருக்கும் என்பதே பலர் முடிவு. செய்தியின் உடனடிப் பயன் கொழும்புக்கே கிடைத்தது. துறைமுகத்திலிருந்த கப்பல்களுள் ஓடக்கூடியவை வெளியேற்றப்பட்டன, காவற்படைகள் எச்சரிக்கப்பட்டன.

இருந்தும், ஈஸ்டர் காலையில் நூற்றுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பின்மேல் வந்தபோது காவலர் தக்கபடி ஆயத்தமாக இருக்கவில்லை. வருகையை முன்னறிந்து கூறியிருக்கவேண்டிய ராடார் கருவியிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையிலிருந்து போர் விமானங்கள் தாக்குதலின் நடுவிலேயே எழும்ப நேர்ந்தது. துறைமுகத்தில் 'ஹெக்டர்', 'டெனடோஸ்' ஆகிய கப்பல்கள் மூழ்கின. மனநோயாளர் தங்கியிருந்த அங்கொடை மருத்துவமனையின்மீதும் குண்டுகள் விழுந்தன. அன்று பிற்பகலில் 'கார்ன்வால்', 'டார்செட்ஷயர்' என்னும் இரு போர்க்கப்பல்கள் நடுக்கடலில் தாக்கப்பட்டு மூழ்கின; 424 பேர் மாண்டனர். எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மறுநாள் மீட்கப்படும்வரை நீரில் கிடந்தனர்.

போருக்குப்பின் பர்ச்சாலுக்கு 'இலங்கையின் இரட்சகர்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. போரின் மிக ஆபத்தான தருணங்களுள் ஒன்றாக இலங்கைமீது வந்த இப்படையெடுப்பைச் சர்ச்சில் குறிப்பிட்டதாகவும், அதனை முன்னறிவித்த விமானியைப் பெரிதும் பாராட்டியதாகவும் கூறுவர். பாராட்டுக்கு அவர் தகுதியுடையவரே. ஆனால் ஒரு செய்தி ஒரு தீவைக் காப்பாற்றியது என்று நாம் கூறுவது வரலாற்றை எளிமையாக்கிவிடும். நகுமோவின் படை இலங்கையைக் கைப்பற்ற வரவில்லை; கப்பல்களையும் தளங்களையும் தாக்கித் திரும்பவே வந்தது. பர்ச்சாலின் செய்தி பல உயிர்களைக் காத்தது. அதனால் எல்லா உயிர்களையும் காக்க இயலவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்வதே உண்மை.

தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நமக்கு 'இரட்சகர்' என்ற சொல் ஒருவருக்கே உரியது. உலகம் அச்சொல்லைத் தாராளமாக வழங்குகிறது. நாம் அதனைக் கண்டிக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பெயர் எதை மறைக்கிறது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

4. தப்பாதவர்கள்

அப்பெயர் மறைப்பது, அதே பணியைச் செய்து திரும்பாதவர்களை.

பர்ச்சாலின் விமானம் வீழ்ந்தபின், அன்றிரவு முழுவதும் வேறு கட்டலினாக்கள் ஜப்பானியப் படையைத் தேடித் தொடர்ந்தன. அவற்றுள் 205ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஒன்று ஈஸ்டர் காலையில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்தோர் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்ட காலையில், பர்ச்சாலின் 413ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த மற்றொரு கட்டலினா பகைவர் படையைக் கண்டு செய்தி அனுப்பும்போதே வீழ்த்தப்பட்டது. அதிலும் அனைவரும் இறந்தனர். அவர்கள் கண்டதும் அதே கடற்படை. அவர்கள் செய்ததும் அதே பணி.

அன்றே, கொழும்பின் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாகக் கொண்டிருந்த 11ஆம் படைப்பிரிவின் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் நகுமோவின் கப்பல்களைத் தாக்கின. கப்பல்களின்மேல் சென்ற ஒன்பதில் ஐந்து திரும்பவில்லை. அவர்கள் வீசிய குண்டுகள் ஒரு கப்பலையும் தாக்கவில்லை. அதே நாளில் 'ஹெர்மிஸ்' என்னும் விமானம் தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். நம் தமிழ்ச் சகோதரர் வாழும் கரையின் அருகே, பாக்கு நீரிணைக்குத் தெற்கே, இவ்வளவு பேர் ஒரே வாரத்தில் கடலுக்குள் போயினர்.

கல்லறையில்லாமல் போன விமானப்படையினரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச்சின்னத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே நினைவுகூரப்படுவோர் 24,000க்கும் மேற்பட்டோர். தென்னிந்தியாவில் அடக்கம் செய்யப்பட்டவர்களில் பலருடைய கல்லறைகள் சென்னை நந்தம்பாக்கத்திலுள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. இரண்டாம் உலகப் போரில் மாண்ட எண்ணூறுக்கும் மேற்பட்டோர் அங்கே உள்ளனர். திண்டிவனத்திலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ சென்னைக்குச் செல்லும் இறையியல் மாணவர் அங்கு ஒரு மணி நேரம் செலவிடுவது பயனுடையது. கல்லில் எழுதிய வயதுகளை வாசித்தாலே போதும். பெரும்பாலோர் நம் மாணவர்களின் வயதினர்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஒரு விமானத்தில் ஆறு பேர் பிழைத்தனர். வேறு இரண்டில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிழைத்தவரைக் குறித்து, 'ஆண்டவர் அற்புதமாகக் காத்தார்' என்று சாட்சி கூறுகிறோம். கூறலாம், நன்றி செலுத்துவது விசுவாசியின் கடமை. ஆனால் அச்சாட்சியைக் கேட்கும் சபையில், அதே போன்ற விபத்தில் மகனை இழந்த தாய் ஒருத்தி அமர்ந்திருப்பாள். அவள் மகனை ஆண்டவர் காக்கவில்லையா? சீலோவாமில் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து நம் ஆண்டவர் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தில் கூறியது இவ்விடத்தில் நமக்கு வழிகாட்டுகிறது. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்னும் எண்ணத்தை அவர் மறுத்தார். அதனால், தப்பியவர்கள் மற்றவர்களைவிட நல்லவர்கள் என்னும் எண்ணமும் நிற்காமற் போகிறது. ஏன் பிழைத்தோம் என்பதற்கு அவர் விளக்கம் தரவில்லை. பிழைத்திருப்போர் மனந்திரும்பவேண்டும் என்றார். அடுத்து, கனி தராத அத்திமரத்துக்கு இன்னும் ஓராண்டு தவணை கொடுத்த உவமையைக் கூறினார். உயிர் தப்புதல் ஒரு தவணை. அது எதற்காகச் செலவிடப்படுகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

5. முகாமில் மூன்று ஆண்டுகள்

இக்கேள்வியை மனத்திற்கொண்டு பார்க்கும்போது, பர்ச்சாலின் வாழ்க்கையில் முக்கியமான பகுதி ஏப்ரல் 4 மாலையோடு முடிந்துவிடவில்லை. அது அப்போதுதான் தொடங்குகிறது.

ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர் முதலில் ஓஃபுனா என்னுமிடத்திலிருந்த கடற்படை விசாரணை முகாமில் வைக்கப்பட்டார். அங்கிருந்தோரின் பெயர்கள் செஞ்சிலுவைச் சங்கத்துக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆகவே அவர்கள் உயிரோடிருப்பது வீட்டாருக்குத் தெரியாது. பின்னர் யோகோஹாமா முதலிய இடங்களிலிருந்த உழைப்பு முகாம்களுக்கு மாற்றப்பட்டார். கைதிகள் துறைமுகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை வாங்கப்பட்டனர். உணவு குறைவு, மருந்து அதனினும் குறைவு. எண்ணிக்கை குறையாமல் ஆட்களை வேலைக்கு அனுப்பவேண்டுமென்பதற்காக நோயாளிகளும் வரிசையில் நிறுத்தப்பட்டனர்.

மூத்த அதிகாரியாகிய பர்ச்சால் இம்முகாம்களில் ஒரு வழக்கத்தை மேற்கொண்டார். காவலர் ஒரு கைதியை அடிக்கும்போது அவர் குறுக்கே சென்று நின்றார். மருத்துவம் மறுக்கப்பட்டபோது கேட்டார். அவ்வாறு செய்ததற்கெல்லாம் அடி வாங்கினார். ஒருமுறை நோயாளிகளைத் துறைமுக வேலைக்கு இழுத்துச் சென்றபோது, அவர்களை விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று கைதிகள் அனைவரையும் உட்காரச் செய்தார். அதற்காகக் கடுமையாக அடிக்கப்பட்டுத் தனிச்சிறையில் இடப்பட்டார். வெளியே வந்தபின்னும் தம் வழக்கத்தை அவர் விடவில்லை.

மற்றொன்றையும் அவர் செய்தார். முகாமில் நடந்தவற்றை, யார் எவரை என்று எப்படி அடித்தார் என்பதை, யார் எந்த நோயால் இறந்தார் என்பதை, இரகசியமாக எழுதி மறைத்து வைத்தார். அகப்பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. 1945 ஆகஸ்டில் விடுதலை பெற்றபின், அக்குறிப்பேடுகள் போர்க்குற்ற விசாரணைகளில் சான்றாகப் பயன்பட்டன. இறந்தோரின் பெயர்களை எழுதி வைப்பது திருச்சபையின் பழைய ஊழியங்களில் ஒன்று. அடக்கப் பதிவேட்டை ஒழுங்காக எழுதும் கிராமத்து ஆயர் அதன் பொருளை அறிவார்.

1946இல் அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது. இது முகாமில் அவர் ஆற்றிய பணிக்காகத் தரப்பட்டது. கடற்படையைக் கண்டு அறிவித்ததற்காக வேறொரு பதக்கம், டி.எஃப்.சி., கிடைத்தது. உலகம் அவரை அந்த ஒரு மாலைக்காக நினைவுகூருகிறது. அவரால் உயிர் பிழைத்த நோயாளிகளோ மூன்று ஆண்டுகளுக்காக நினைவுகூர்ந்திருப்பர். பின்னாளில் தாம் பயின்ற கிங்ஸ்டன் கல்லூரிக்கே 1963 முதல் 1967 வரை தலைவராயிருந்து இளைஞரைப் பயிற்றுவித்தார். 2004 செப்டம்பரில் தமது 89ஆம் வயதில் காலமானார்.

அவரை ஒரு புனிதராகக் காட்டுவது நம் நோக்கமன்று. போர் வீரர் அவர், போருக்காகவே பறந்தார். ஆயினும் ஆயத்துவ ஊழியத்துக்கு ஆயத்தமாவோர் இங்கே கற்க இடமுண்டு. கடலில் உயிர் தப்பியது அவர் செயலன்று. அடிபடுவோனுக்கும் அடிப்போனுக்கும் இடையே போய் நின்றது அவர் செயல். அதனை அவர் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

6. மறுபக்கத்திலிருந்த ஒருவர்

அந்த ஈஸ்டர் காலையில் கொழும்பின்மேல் வந்த விமானங்களுக்குத் தலைமை தாங்கியவரையும் நாம் குறிப்பிடவேண்டும். அவர் பெயர் மிட்சுவோ புச்சிதா. 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தையும், 1942 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரையும் தாக்கிய படைகளுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதே ஆண்டு ஜூனில் மிட்வே தீவையொட்டிய போரில் 'அகாகி' கப்பல் தீப்பற்றியபோது இரு கால்களும் முறிய உயிர் தப்பினார். இலங்கைக்கு வந்த ஐந்து விமானம் தாங்கிக் கப்பல்களில் 'அகாகி', 'சோர்யு', 'ஹிர்யு' ஆகிய மூன்றும் அப்போரில் மூழ்கின. பர்ச்சாலை விசாரித்த காலத்தில் வெற்றிக் களிப்பில் இருந்த மாலுமிகளில் எத்தனையோ பேர் இரண்டு மாதங்களுக்குள் கடலடியில் கிடந்தனர்.

போருக்குப்பின் புச்சிதா சிற்றூரில் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தார். 1948இல் டோக்கியோவின் ஷிபுயா இரயில் நிலையத்தில் ஒரு துண்டறிக்கை அவர் கையில் கிடைத்தது. அதனை எழுதியவர் ஜேக்கப் டிஷேசர் என்னும் அமெரிக்கர். அவரும் ஒரு குண்டுவீச்சு விமானத்தில் பணியாற்றியவர். கொழும்புத் தாக்குதல் நடந்து பதின்மூன்று நாட்களில், 1942 ஏப்ரல் 18இல் ஜப்பானின்மீது நடந்த வான்தாக்குதலில் குண்டு வீசும் பொறுப்பில் இருந்தவர். எரிபொருள் தீர்ந்து சீனாவில் பாராசூட்டில் குதித்துச் சிறைப்பட்டார். நாற்பது மாதங்கள் சிறையில் கிடந்து, அங்கே கிடைத்த திருமறையை வாசித்து மனம் மாறினார். 1948இல் தம்மைச் சிறைவைத்த நாட்டுக்கே மிஷனெரியாகத் திரும்பி வந்தார். அவருடைய துண்டறிக்கையைப் படித்த புச்சிதா திருமறையை வாங்கினார். சிலுவையில் ஆண்டவர் தம்மை அறைந்தோருக்காகச் செய்த மன்னிப்பின் ஜெபம் அவரைத் தொட்டது. அவர் கிறிஸ்தவரானார். பல நாடுகளில் நற்செய்தி கூறி, 1976இல் காலமானார்.

நம் இளைஞர் கூட்டங்களில் இவ்வரலாறு விருப்பத்தோடு கூறப்படுவதுண்டு. அதைக் கூறும்போது ஒன்றை விட்டுவிடக்கூடாது. புச்சிதா மன்னிப்பைக் கண்டடைந்தார் என்பது உண்மை. அங்கொடை மருத்துவமனையில் மாண்டவர்களின் வீட்டார் அவரை மன்னித்தார்கள் என்று நாம் அவர்கள் சார்பில் கூற நமக்கு உரிமையில்லை. கொழும்பின் துக்கத்தைச் சொல்லாமல் புச்சிதாவின் மகிழ்ச்சியைச் சொல்லும் சாட்சி, மலிவான சாட்சியாகிவிடும். பர்ச்சாலின் குறிப்பேடுகளும் டிஷேசரின் துண்டறிக்கையும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. முன்னது குற்றத்தைப் பெயர் சொல்லி எழுதுகிறது; பின்னது குற்றவாளியை மன்னிக்கிறது. குற்றத்தைப் பெயர் சொல்லாமல் மன்னிப்பதற்கு எதுவும் இல்லை. திருச்சபைக்கு இவ்விரு ஊழியமும் தேவை.

7. நம் அருளுரைக்கு

திண்டிவனம் என்றவுடன் நம் திருச்சபை வரலாற்றை அறிந்தோருக்கு நினைவுக்கு வருவது வேறொரு இரவு. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஸ்கடரின் மகளாகிய ஐடா, இளம்பெண்ணாக அவ்வூரில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று கணவன்மார் வந்து பிரசவத்தில் துன்புற்ற தம் மனைவியர்க்கு உதவுமாறு வேண்டினர். ஆண் மருத்துவரை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடியும்போது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். அம்மூவர் ஏன் இறந்தனர் என்பதற்கு ஐடா விளக்கம் தேடி அமரவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பிவந்தார். வேலூர் மருத்துவமனையும் 1918இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியும் அந்த இரவின் கனிகள். அவ்விரவில் இறந்தோரை அவரால் திருப்பித் தர முடியவில்லை. இருக்கும் தம் உயிரை இனி இறக்கக்கூடியவர்களுக்காகச் செலவிட முடிந்தது.

ஆகவே நம் உடன் ஊழியரிடம் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, பேருந்து விபத்தோ, வெள்ளமோ, சுனாமியோ, எதிலிருந்து தப்பியவராயினும் அவருடைய சாட்சியைச் சபையில் கேட்கும்போது, அதே விபத்தில் மாண்டவர்களின் பெயர்களையும் ஜெபத்தில் சொல்லுங்கள். இரண்டாவது, தப்பியவரிடம் 'ஆண்டவர் உம்மைத் தெரிந்துகொண்டார்' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். உயிர் தப்பிய பலர், மற்றவர் இறக்கத் தாம் பிழைத்ததை எண்ணி இரவில் உறங்காதிருக்கின்றனர். அவர்களுக்கு முதலில் வேண்டுவது நம் செவி. மூன்றாவது, காலம் வரும்போது, கிடைத்த தவணையை யாருக்காகச் செலவிடுவது என்று அவரோடு சேர்ந்து தேடுங்கள்.

பெரிய சனிக்கிழமை நம் வழிபாட்டு ஆண்டில் பெரும்பாலும் வெறுமையாகவே கழிகிறது. பெரிய வெள்ளியின் களைப்பிலும் ஈஸ்டர் ஆயத்தத்திலும் அந்நாளை மறந்துவிடுகிறோம். கல்லறை மூடியிருந்த நாள் அது. 1942இல் அந்நாளின் மாலையில் இந்தியப் பெருங்கடலில் மூவர் மாண்டனர், அறுவர் பிழைத்தனர். திண்டிவனம் வழியாகவும் விழுப்புரம் வழியாகவும் ஓடிய மக்கள் அவர்களில் ஒருவர் பெயரையும் அறியார். வரும் ஆண்டுகளில் அச்சனிக்கிழமை மாலை, கோவிலில் ஈஸ்டர் ஆயத்த வேலைகள் தொடங்குமுன், பிழைத்தோர்க்கும் பிழையாதோர்க்குமாகச் சற்று நேரம் மௌனமாக ஜெபிப்பதை ஆயர்கள் தம் சபைகளில் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.